உறை இழந்த இசைத்தட்டுகள்: ஆல்பங்களைப் பகிரும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்மையில் கேட்டு மகிழ்ந்த ஆல்பங்களை ஒருவருக்கொருவர் எடுத்துரைக்கும் இசை அன்பர்கள் அனைவருக்கும்,



"இந்த வாரம் என்ன கேட்டீர்கள்?" என்று ஒருவர் வினவுவதும், மற்றவர்கள் தத்தம் மனத்துக்கு உகந்த ஆல்பங்களின் பெயர்களை அடுக்கிச் சொல்வதும் இசை கேட்போரிடையே நெடுநாளாக வழங்கிவரும் இனிய பழக்கமாகும். விளம்பரத்தின் கை எட்டாத எத்தனையோ இசை, கல்லூரி விடுதி அறைகளிலும் கச்சேரி இடைவேளைகளிலும் நிகழும் இத்தகைய பேச்சின் வழியாகவே புதிய செவிகளைச் சென்றடைந்திருக்கிறது. ஆயினும் அப்பேச்சு ஆல்பத்தின் பெயரோடும் "அருமை", "கேட்டே ஆகவேண்டும்" என்னும் ஒன்றிரண்டு சொற்களோடும் முடிந்துவிடுவதே இன்று பெரும்பான்மை வழக்காகிவிட்டது. ஓர் ஆல்பத்தைப் பிறருக்குக் கைமாற்றும்போது அதன் வரிசையையும், அதில் வாசித்தோரின் பெயர்களையும், அதன் பதிப்பையும் சேர்த்துக் கைமாற்ற வேண்டும் என்பதே இம்மடல் முன்வைக்கும் வேண்டுகோள். அது வெறும் நுணுக்கப் பித்தன்று என்பதைக் காட்ட, ஆல்பம் என்னும் வடிவம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குவது தகும்.

ஆல்பம் என்றவுடன் தமிழ் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கல்யாண ஆல்பம்தான். அந்நினைவு சொல்லின் வரலாற்றோடு பொருந்தியும் வருகிறது. வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் வேரில் பிறந்து, வெற்றேட்டைக் குறித்து, பின்னர்ப் படங்களைச் சேர்த்துவைக்கும் புத்தகத்துக்கு ஆகிவந்த அச்சொல், இசைக்குள் நுழைந்தது அரக்குத் தட்டுகளின் காலத்தில். அரக்கு கலந்து செய்யப்பட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கியதால், நீண்ட படைப்பொன்றைப் பல தட்டுகளில் பகிர்ந்து பதிந்து, அத்தட்டுகளைத் தாளுறைகளில் இட்டு, உறைகளைப் புத்தகம்போல் கட்டி விற்றனர். அக்கட்டே ஆல்பம் எனப்பட்டது. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை, அதாவது பின்னாளில் எல்.பி. ரெக்கார்டு என்று வழங்கிய வினைல் தட்டை வெளியிட்டு, பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இசையை அடக்கிக் காட்டியபோது புத்தகக்கட்டுக்குத் தேவை இல்லாமற் போயிற்று; பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பெயரோடு ஒழுங்கும் தங்கியது என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்துக்குப் பின் மாப்பிள்ளை அழைப்பு வந்தால் பார்ப்பவர் நகைப்பதுபோல, நெடுந்தட்டிலும் எதற்குப் பின் எது என்பது பொருளோடு கூடிய தெரிவாக வளர்ந்தது. முதற்பக்கத்தை எதில் தொடங்குவது, ஊசி உள்வட்டத்தை எட்டும்போது எதை ஒலிக்கவிடுவது, கேட்பவர் எழுந்துசென்று தட்டைத் திருப்பிப்போடும் மௌனத்துக்குப் பின் எதைக் கொண்டு மீண்டும் வரவேற்பது என்பனவெல்லாம் இசையமைப்பின் பகுதிகளாயின. நெடுந்தட்டோடு வளர்ந்த இன்னொன்று அதன் உறை. பன்னிரண்டு அங்குலத் தட்டைப் பொதிந்த அச்சதுர அட்டையின் முன்புறம் படத்துக்கும் பின்புறம் எழுத்துக்கும் உரியதாகி, யார் எந்தக் கருவியை வாசித்தார், என்று எங்கே பதிவாயிற்று என்னும் செய்திகளும், சிலவேளை இசையை விளக்கும் கட்டுரையும் அதில் இடம்பெற்றன. இவ்வெழுத்தே உறைக்குறிப்பு எனப்படுகிறது.

உறைக்குறிப்பு இல்லாத நாளிலும் பெயரின் தேவை உணரப்பட்டிருந்தது. 1902இல் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் பதிவாளர் கிராமபோன் நிறுவனத்துக்காகக் கௌஹர் ஜான் அவர்களின் பாட்டைப் பதிந்தபோது, அப்பாடகி பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டுகளாக அச்சேற வேண்டியிருந்தமையால், அங்கே வில்லை ஒட்டுவோர் எது யாருடைய குரல் என்று அறிவதற்காகவே இவ்வேற்பாடு என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம். இசையும் பெயரும் பிரிந்துபோகும் அபாயம் தட்டு பிறந்த அன்றே இருந்தது என்பதற்கும், அதைத் தடுக்க மூன்று நிமிடத்திலேயே சில நொடிகளை ஒதுக்கினர் என்பதற்கும் இது சான்று.

வரிசை, பெயர், பதிப்பு ஆகிய மூன்றும் கேட்கும் இன்பத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதற்குப் பலரும் பரிந்துரைக்கும் ஆல்பம் ஒன்றையே எடுத்துக்காட்டலாம். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் ப்ளூ" 1959ஆம் ஆண்டு மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில் நியூயார்க்கில் பதிவாகி, அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியானது. விரைந்து மாறும் சுரக்கூட்டுகளைப் பின்தொடர்ந்து கற்பனை செய்வதே அக்கால ஜாஸின் பெருவழக்காக இருக்க, இவ்வால்பம் ஒரு சில சுர வரிசைகளை மட்டும் நிலைக்களமாகக் கொண்டு அவற்றிலேயே ஆற அமர உலவும் முறையைக் கைக்கொண்டது. மோடல் ஜாஸ் என்பது இதுவே. கமகமும், இராகத்தை அடையாளங்காட்டும் பிடிகளும் இங்கு இல்லையெனினும், ஆலாபனை கேட்டுப் பழகிய செவிக்கு இந்நிதானம் அந்நியமாகத் தோன்றாது. ஐந்து உருப்படிகளில் நான்கில் பியானோ வாசித்தவர் பில் எவன்ஸ். முதற்பக்கத்தின் இரண்டாம் உருப்படியில் மட்டும் வின்டன் கெல்லி. இதை அறியாமல் கேட்பவருக்கு அவ்விடத்தில் ஏதோ துள்ளல் கூடியதாக மட்டுமே தோன்றும். அறிந்து கேட்பவரோ இரண்டு கைகளின் இயல்பு வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துணர்வார். அத்தகவலைத் தந்தது உறைதான். எவன்ஸே எழுதிய கட்டுரையும் அதே உறையில் அச்சாகி, திருத்த இடந்தராத ஜப்பானிய ஓவிய முறையோடு அப்போதைக்கப்போது எழும் இசையை ஒப்பிட்டு விளக்கியது.

பதிப்பைச் சொல்ல வேண்டிய காரணமும் இதே ஆல்பத்தில் உண்டு. மார்ச் 2ஆம் நாள் பயன்பட்ட பதிவுக் கருவி சற்றே மெதுவாக ஓடியதால், அந்நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது இசை விரைந்து, சுருதியும் கூடியது. ஆகவே முதற்பக்கத்தின் மூன்று உருப்படிகளும், தமிழ்நாட்டு வழக்கில் சொல்வதானால், அரைக் கட்டைக்கும் குறைவான அளவில் மேலேறி ஒலித்தன. 1992இல் மாற்று நாடா ஒன்றிலிருந்து மறுபதிப்புச் செய்தபோதே இப்பிழை நீங்கியது. பழைய தட்டோடு சேர்ந்து பியானோ வாசித்துப் பழக முயன்றோர் பலர் தம் கருவியின் சுருதியையே ஐயுற்றிருக்கக்கூடும். "கைண்ட் ஆஃப் ப்ளூ கேட்டேன்" என்று இருவர் சொல்லும்போது, அவ்விருவரும் கேட்டது ஒரே சுருதியில்தானா என்பது அற்பமான கேள்வியன்று.

வரிசையின் இன்றியமையாமைக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. இளையராஜா 1986இல் வெளியிட்ட "ஹவ் டு நேம் இட்" திரைப்படம் சாராத கருவியிசை ஆல்பம். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அதில் தனி வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். ஒரு குறுமெட்டை ஓர் இழை தொடங்க, அது முடிந்ததும் அடுத்த இழை அதையே வேறு நிலையில் ஏற்றுப் பின்தொடர, இழைகள் ஒன்றையொன்று துரத்திப் பின்னும் ஃபியூக் என்னும் ஐரோப்பிய உத்தியும், கருநாடக இசையின் இராக நடையும் அங்கே ஒரே கூடத்தில் பழகுகின்றன. இளையராஜா தம் வீட்டில் பாக்கைச் சந்தித்ததாகப் பொருள்படும் தலைப்புடைய உருப்படி ஒன்றில், பாக்கின் மூன்றாம் வயலின் பார்த்தீட்டாவின் முன்னுரைப் பகுதி தந்தி வாத்தியக் குழுவின் புதிய துணையோடு ஒலிக்கிறது. அதற்கு அடுத்து வரும் உருப்படியின் தலைப்போ, "நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்" என்னும் கருத்தை, முந்தைய தலைப்பின் வாக்கியத்தை முடிக்கும் முறையில், "மேலும்" என்ற இணைப்புச் சொல்லோடு தொடங்குகிறது. சந்திப்பைக் கேளாதவருக்கு அந்த "மேலும்" எதனோடும் ஒட்டாது. ஷஃபிள் எனப்படும் கலைத்துப்போடும் முறையில் இவ்வால்பத்தைக் கேட்பவர், கதவு திறக்கப்படுமுன் கூடத்தில் உரையாடல் நடப்பதைக் கேட்டவராகிறார்.

பெயரைப் பொறுத்தவரை, "சக்தி" என்னும் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. 1975ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியின் பதிவான அதில், கிதார் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம் ஆகிய நால்வரின் பெயர்களை அன்பர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பர். மேடையில் ஐந்தாமவர் ஒருவர் இருந்தார். மிருதங்கம் வாசித்த அவர் ராமநாதபுரம் வி. ராகவன். பிந்தைய ஆல்பங்களில் அவர் இல்லாமையால் நால்வர் பட்டியலே நிலைத்துவிட்டது.

அந்த ஐந்தாம் பெயரைச் சொல்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். ராகவன் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தவர். அதே பல்கலைக்கழகத்தில்தான் மெக்லாஃப்லின், எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். ராகவனின் உடன்பிறந்தவரான ராமநாதபுரம் கிருஷ்ணனும் அங்கே ஆசிரியராக இருந்து, அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் வெளியிட்ட "வித்வான்" என்னும் நெடுந்தட்டில் பாடியவர். ஆகவே மறக்கப்பட்ட ஒரு பெயர், "சக்தி" எவ்வாறு உருவாயிற்று என்பதற்கு ஒரு வாயிலையும், அடுத்துக் கேட்பதற்கு ஓர் ஆல்பத்தையும் ஒருங்கே தருகிறது. அதே குழு 2023இல் வெளியிட்ட "திஸ் மொமென்ட்" ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தபோது, அதில் கஞ்சிரா உள்ளிட்ட தாளக்கருவிகளை வாசித்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். தந்தையின் கடத்தையும் மகனின் கஞ்சிராவையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லும் பரிந்துரை, ஐம்பதாண்டு வரலாற்றை இரண்டு மாலைகளில் அடக்கித் தந்துவிடும்.

இவ்விடத்தில் எழக்கூடிய மறுப்பொன்றுக்கு விடை கூறியாக வேண்டும். ஆல்பத்தை முழுமையாகவும் வரிசையாகவும் கேட்பது மேல்நாட்டு நெடுந்தட்டு வழக்கம் என்றும், படத்துக்கு ஐந்தாறு பாடல்களைக் கொண்ட தமிழ்த் திரையிசையில் விரும்பியதைப் பொறுக்கிக் கேட்பதே மரபு என்றும் சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. 1980களில் தமிழ்நாட்டு ஊர்களில் பெருகிய ரெக்கார்டிங் சென்டர்களில், வெற்று கேசட் ஒன்றையும் பாடல் பட்டியல் ஒன்றையும் கொடுத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பெற்றுக்கொள்வது வழக்கமாக இருந்தது. பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடும் அறுபது நிமிட கேசட்டில் எத்தனை பாடல் அடங்கும் என்று கணக்கிட்டு, கணக்குத் தப்பினால் கடைசிப் பாடல் சரணத்தின் நடுவே அறுந்து நிற்பதைப் பொறுத்துக்கொண்டு, அழிந்துவிடாதிருக்கக் கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டு, மக்கள் தமக்கெனத் தொகுப்புகளை உருவாக்கிக்கொண்டனர். அதுவும் ஓர் ஆக்கமே. ஆனால் அக்கேசட்டின் உறையிலும் ஓர் அட்டை இருந்தது. படத்தின் பெயரும் பாடலின் தொடக்கமும், ஏ பக்கமா பி பக்கமா என்பதும் கையெழுத்தில் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பொறுக்கியவரே வரிசையையும் அமைத்து, உறைக்குறிப்பையும் எழுதினார் என்பதே இதன் பொருள்.

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையும் பெயர் சொல்லும் இம்மரபையே பேணியது. கடல் கடந்து தமிழ்நாட்டிலும் கேட்கப்பட்ட அதன் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில், மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்கள் வளர்த்தெடுத்த அறிவிப்புக் கலையில் படம், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் ஆகிய பெயர்களோடு, அப்பாட்டைக் கேட்க விரும்பிய நேயர்களின் பெயர்களுக்கும் ஊர்களுக்கும் இடம் இருந்தது. எனினும் திரையிசைத் தட்டுகளிலும் நாடாக்களிலும் கருவி வாசித்தோரின் பெயர்கள் பெரும்பாலும் விடுபட்டேயிருந்தன; ஏ.ஆர். ரகுமான் தம் ஆல்பங்களின் உள்ளட்டையில் அவர்களையும் குறிப்பிடத் தொடங்கியதால்தான் புல்லாங்குழல் நவீன் குமார் போன்றோரைப் பொதுமக்கள் பெயர் சொல்லி அறியலாயினர்.

பகிர்தல் அரிதாக இருந்த இடங்களில் அது எத்துணைக் கவனத்தோடு நடைபெற்றது என்பதையும் நினைவுகூர்தல் நலம். ஜப்பானில் ஜாஸ் கிஸ்ஸா எனப்படும் இசைத் தேநீரகங்கள் உண்டு. யோகோஹாமாவின் சிகுசா என்னும் தேநீரகம் 1933இலேயே தொடங்கப்பட்டது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டு நெடுந்தட்டின் விலை மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் எட்டாததாக இருந்தமையால், ஒரு குவளை காப்பியின் விலைக்கு உயர்தர ஒலிபெருக்கியில் ஒரு பக்கம் முழுவதையும் பேசாமல் அமர்ந்து கேட்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. ஒலித்துக்கொண்டிருக்கும் தட்டின் உறையை அனைவரும் காணுமாறு எடுத்து நிறுத்திவைப்பது அதன் மாறாத நெறி. அதே காலத்துச் சோவியத் நாட்டிலோ, தடைசெய்யப்பட்ட இசையை மருத்துவமனைகள் கழித்த எக்ஸ்ரே படலங்களில் கள்ளத்தனமாக வெட்டியெடுத்து விற்றனர். விலா எலும்பும் மண்டையோடும் தெரியும் அத்தட்டுக்கு உறை இல்லை, வில்லை இல்லை, சொன்ன பாட்டுத்தான் உள்ளே இருக்கிறது என்பதற்கு விற்றவரின் வாய்ச்சொல்லே ஆதாரம்.

இன்றைய நிலை விந்தையானது. கிஸ்ஸாவில் அமர்ந்தவர் கனவிலும் கருதாத அளவு இசை ஒவ்வொருவர் கைப்பேசியிலும் குவிந்திருக்க, எக்ஸ்ரே தட்டை வாங்கியவருக்கு இருந்த அதே வறுமை பெயர் விஷயத்தில் நிலவுகிறது. ஸ்ட்ரீமிங் செயலியில் உறை என்பது நகத்தளவு சதுரம். அதற்குப் பின்புறம் கிடையாது. வரிசையும் அங்கே உறுதியற்றது. 2021 நவம்பரில் பாடகி அடெல் தம் "30" என்னும் ஆல்பத்தை வெளியிட்டபோது, கலைஞர்கள் சிந்தித்து அமைத்த வரிசையிலேயே ஆல்பம் ஒலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதன் பேரில், ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஆல்பப் பக்கத்தின் முதன்மைப் பொத்தானிலிருந்து ஷஃபிளை நீக்கியது. பாடல்களை எழுதிப் பாடிய ஒருவர், அவற்றை வரிசையாக ஒலிக்கச் செய்யுங்கள் என்று ஒரு நிறுவனத்திடம் வேண்ட நேர்ந்ததே இக்காலத்தின் இயல்பைச் சொல்லப் போதுமானது. இழந்த உறைக்கு மாற்றாக இனி நிற்கக்கூடியவர், ஆல்பத்தைக் கைமாற்றும் அன்பர் ஒருவரே.

எனவே அன்பர்களிடம் இம்மடல் வேண்டுவன சிலவே. ஓர் ஆல்பத்தைச் சொல்லும்போது, அதை முதலிலிருந்து கேட்க வேண்டுமா, இடையில் எங்கேனும் நுழைந்து பின்னர்த் தொடக்கத்துக்குத் திரும்பலாமா என்பதைச் சொல்லுதல் வேண்டும். புதியவர் ஒருவர் "சக்தி"யின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிரப்பும் நெடிய உருப்படியில் முதலில் கால்வைத்தால் களைத்துப்போகக்கூடும் என்பதால், இது வழிகாட்டியின் கடமையாகும். முகப்பில் உள்ள பெயரோடு, முகப்பில் இல்லாத ஒரு பெயரையேனும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். மறுபதிப்பாயின் எந்த மறுபதிப்பு என்பதையும், ஒரு முறை கேட்டதா பல முறை கேட்டதா என்பதையும் மறையாது உரைத்தல் நன்று. பிடிக்காத உருப்படி ஒன்று அதில் இருந்தால் அதையும் கூறுவது பரிந்துரையைத் தளர்த்தாது. முழுவதையும் கேட்டவரின் சொல் அது என்று கேட்பவர் நம்புவதற்கே துணைசெய்யும். இவையனைத்தும் நான்கைந்து வாக்கியங்களில் அடங்கிவிடுபவை; பழைய கேசட் அட்டையின் ஒரு பக்கத்துக்கு மேல் இடங்கொள்ளாதவை.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் பாடிய அம்மையார், தம் பெயரைச் சொல்ல வேறொருவர் இருப்பார் என்று நம்புவதற்கு இடமின்றியே தாமே அதைச் சொல்லி முடித்தார். தாளக்காரரும் தந்தி மீட்டுவோரும் அவ்வாறு பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொல்லிக்கொள்ளும் வாய்ப்பைப் பெற்றவர்களல்லர். "இந்த வாரம் என்ன கேட்டீர்கள்?" என்ற கேள்விக்கு அடுத்த முறை "சக்தி" என்று ஒருவர் விடையளித்து, மிருதங்கம் யார் என்று மற்றவர் கேட்குமுன்பே ராகவன் என்னும் பெயரையும் சேர்த்துச் சொல்வாராயின், இம்மடல் எழுதப்பட்டதன் பயன் நிறைவேறியதாகும்.

அன்புடன்,
இசை கேட்போருள் ஒருவர்